சம்பந்தி வீட்டு ஹயர்

“அப்ப வாயே தொறக்கல்லயா?”

“தொறந்தன்.”

“என்னத்துக்கு?”

“டீ குடிக்க. கேக் துண்டும் தந்தாங்க.”

றிஸானா அடுப்பிலிருந்து கேத்தலை இறக்கினாள். மனைவி பேசாமல் இருந்தால்தான் லாபிருக்குப் பயம். பேசினால் பாதிக் கோபம் வாய்வழியே போய்விடும்.

“ஹாஜியார் என்னய உள்ளுக்குக் கூப்பிட்டு, அவர்ட கதிரைக்குப் பக்கத்துக் கதிரைல உக்கார வெச்சார், றிஸானா. இத்தன வருஷமா அந்தக் கடைக்குப் போறன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்டுதான் பழக்கம். நேத்து ‘வாங்க மச்சான்’ன்டார். மச்சான்டு கூப்பிட்ட மனுஷன்கிட்ட ஹயர் காசு எங்கன்டு எப்படிக் கேக்கிற?”

“கேக்காட்டி லீசிங்காரன் வந்து மச்சான்டு கூப்பிடுவானா?”

லாபிர் பிளேன்டீயை ஊதினார். சுபஹு தொழுதுவிட்டு வந்த தொப்பி இன்னும் தலையில் இருந்தது. வெளியே மடவளையின் காலை மூட்டத்துக்குள் அவருடைய லொறி, ஈரத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, படுக்கையை விட்டு எழ மனமில்லாத பிள்ளையைப் போல நின்றது.

லாபிர் கோழை அல்ல. சீமெந்துச் சுமையோடு கடுகண்ணாவ இறக்கத்தில், மழைக்குள், பாட்டு முணுமுணுத்துக்கொண்டு இறங்கக்கூடிய மனிதர். ஆனால் ஒரு கடையின் முன்னால் நின்று ‘என்ட ஹயரத் தாங்க’ என்று ஓட்டக் கூலியைக் கேட்க மட்டும் அவருக்கு நாக்கு எழாது. கேட்கத்தான் போவார். போய், கடைக்காரரின் சுகம் கேட்பார், அவருடைய மகனின் பரீட்சை முடிவு கேட்பார், சீனி வருத்தத்துக்கு எந்த டொக்டர் என்று கேட்பார். பிறகு ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்.

சொந்த லொறி ஓட்டுகிறவனுக்கு மாதச் சம்பளம் இல்லை. லோட் ஏறும்போது டீசலுக்கென்று கொஞ்சம் கையில் வரும். சாமானைக் கொண்டுபோய் இறக்கி, இறக்கிய இடத்தில் துண்டுச் சீட்டில் கையெழுத்தும் சீலும் வாங்கி வந்து காட்டினால் மிச்சம். அந்த மிச்சத்துக்குள்தான் டயரும், சேர்விஸும், லொறி வாங்கிய லீசிங் தவணையும், வீட்டு அரிசியும் இருக்கின்றன. இறக்க ஆளில்லாமல் எங்காவது லொறி நின்றுவிட்டால், நின்ற மணித்தியாலங்களுக்கும் காசு உண்டு. அதற்குப் பெயர் வெய்ட்டிங். நின்றுகொண்டிருக்கும் லொறிக்கு அன்றைய அடுத்த ஹயர் தவறிப்போகிறது அல்லவா, அதற்கான ஈடு. எல்லாம் நியாயமான ஏற்பாடுதான். ஒரே ஒரு சிக்கல்: கேட்டால்தான் கிடைக்கும். கேட்காதவனுக்கு ‘அடுத்த கிழமை பார்ப்பம்.’

முன்பு அவர் கொழும்பு ஏஜென்ட் ஒருவன் மூலமாக ஓடினார். சாமான்காரன் என்ன கொடுத்தான், ஏஜென்ட் எவ்வளவை எடுத்துக்கொண்டான் என்பது அந்த ஏஜென்டுக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டுமே தெரியும். பிறகுதான் பிலிமத்தலாவை ரஸீன் ஹாஜியாரின் ஹாட்வெயார் கிடைத்தது. நடுவில் ஆள் இல்லை. மாதத்தில் பாதி ஓட்டம் அந்த ஒரு கடையின் ஓட்டம். ஒரு வருஷத்துக்கு முன்புதான் மகள் இன்ஷிரா கண்டியில் ஒரு கண் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்து, பஸ்ஸில் வரும்போது, வாப்பாவுடைய பில்களைத் தன் போனிலிருந்து அனுப்பத் தொடங்கினாள்.

கடைப் பக்கத்தில் அந்த பில்களைப் பார்த்து பாஸ் பண்ணுகிறவன் ஹாஜியாரின் மகன் அமான். பாஸான காசு மெல்ல மெல்ல வரும்; நிலுவையை மட்டும் ஹாஜியாரிடம் நேரில் கேட்க வேண்டும்.

முதல் சில மாதம் அவனும் இன்ஷிராவும் போனில் சண்டை பிடித்தார்கள். ‘வெய்ட்டிங் மூன்று மணித்தியாலம் தர முடியாது, மழை பெய்தது எங்கள் குற்றமா’ என்று அவன் எழுதுவான். ‘மழைக்கு நனைந்தது எங்கள் லொறிதான், உங்கள் கடை அல்ல’ என்று இவள் எழுதுவாள். பிறகு சண்டை கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. ஒரு நாள் ‘பில் சரி. உங்கட வாப்பாட இருமல் எப்படி?’ என்று ஒரு வரி வந்தது. அதை றிஸானா தற்செயலாகப் பார்த்தாள். தற்செயல் என்பது அவள் சொல்வது.

போன வெள்ளிக்கிழமை, வேறு வேலையாக வந்தவரைப் போல ரஸீன் ஹாஜியார் மடவளைப் பள்ளிக்கு ஜும்ஆவுக்கு வந்தார். தொழுகை முடிந்து, செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டே, “லாபிர், உங்கட மகள எங்கட அமானுக்குக் கேட்டா தருவீங்களா?” என்றார். லாபிர் தன் செருப்பென்று வேறு யாருடையதையோ மாட்டிக்கொண்டு வீடுவரைக்கும் வந்துவிட்டார்.

இன்றைக்குப் பின்னேரம், அசருக்குப் பிறகு, அவர்கள் பேசி முடிக்க வருகிறார்கள். இன்றைக்குக் காலையில் லாபிருக்கு ஒரு ஹயர் இருக்கிறது. அதே ஹாஜியாரின் லோட்.

“நேத்துத்தான் கேக்கல்ல, சரி,” என்றாள் றிஸானா, வட்டலப்பத்துக்கு முட்டை உடைத்துக்கொண்டே. “இன்டைக்கு நீங்க ஒண்டும் கேக்க வேணாம். மகளும் பில் கில் ஒண்டும் அனுப்ப வேணாம். இன்டைக்கு மட்டும் நாங்க மனுசரா இருப்பம்.”

“மத்த நாள்ல நாங்க என்ன உம்மா?” என்று உள்ளறையிலிருந்து இன்ஷிராவின் குரல் வந்தது.

“மத்த நாள்ல நீ பில் புத்தகம்!”

*

பிலிமத்தலாவையில் சீமெந்தும் கம்பியும் ஏற்றிக்கொண்டு, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடக்கும்போது மகாவலி கலங்கி ஓடியது. மேலே எங்கேயோ நல்ல மழை. லோட் திகனவில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு மாடி வீட்டுக்கு. வழி, மடவளைக்கு ஊடாகத்தான்.

சொந்த ஊரைக் கடந்து ஓடும் நாட்களில் லாபிருக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டு முடுக்கு வந்ததும் ஹோனை இரண்டு தரம் சின்னதாகவும் ஒரு தரம் நீளமாகவும் அடிப்பார். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அது ‘நான் நல்லா ஈக்கன்’ என்ற செய்தி. இன்ஷிரா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அந்தச் சத்தம் கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வருவாள். இப்போது ஓடி வருவதில்லை. ஆனால் ஜன்னல் திரை ஒரு விரல் அளவுக்கு விலகும். லாபிர் அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் கியர் மாற்றுவார்.

இன்றைக்கும் அடித்தார். திரை விலகியது.

திகனவுக்குப் போய்ச் சேர்ந்தபோது சைட்டின் கேட் பூட்டிக் கிடந்தது. கடை சார்பில் அங்கே பொறுப்பாக இருக்கும் சஞ்சீவ் கண்டிக்குப் போய்விட்டானாம், சாவியோடு. சாமான் இறக்க வந்த நாட்டாமிமார் நாலைந்து பேர் மதில் ஓரம் குந்தியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மழையும் வந்தது. எல்லோரும் லொறிக்குப் பக்கத்தில் ஒதுங்கினார்கள். கறுப்பையா மட்டும் உரிமையோடு கதவைத் திறந்துகொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வருகிறவர். இரண்டு பேருக்கும் நெடுநாள் பழக்கம்.

“என்னா நானா, மூஞ்சில ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுவ? பல்லு வலியா?”

“மகளுக்குக் கலியாணம் பேசுறாங்க, கறுப்பையா.”

“அட! யாரு வூட்டுல?”

லாபிர் பின்னால் இருந்த சீமெந்து மூட்டைகளைப் பெருவிரலால் காட்டினார்.

கறுப்பையா திரும்பி மூட்டைகளைப் பார்த்தார். பிறகு லாபிரைப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார்.

“போச்சு! அப்ப இந்த ஹயர யார்கிட்ட கேப்பீங்க? சம்பந்திகிட்டவா?”

“அதத்தான் நானும் ராவெல்லாம் யோசிச்சன்.”

“எங்க சோலிதான் நல்லம் நானா. மூட்டைய எறக்குனோமா, காச வாங்குனோமா, அப்பறந்தான் கைய கழுவுறோம். சீமெந்துக் கையோட நிக்கிறவன்கிட்ட எவனும் நாளைக்கு வான்னு சொல்ல மாட்டான். சட்டையில ஒட்டிக்கிருமுல்ல.”

மழைக்குள் லாபிரும் சிரித்தார். பிறகு அவர் கண்ணாடியில் வழியும் நீரைப் பார்த்தார். நீர்க் கோடுகளுக்கு அப்பால் அந்த வீட்டின் கம்பித் தூண்கள் ஆடி ஆடித் தெரிந்தன, தண்ணீருக்கு அடியில் யாரோ ஒரு ஊரைக் கட்டிக்கொண்டிருப்பது போல. அமான் நல்ல பொடியன். குரல் உயர்த்திப் பேசி அவர் கேட்டதில்லை. மகளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது என்பதை, அவள் போனைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கப் படும் பாட்டிலிருந்தே அவர் கண்டுபிடித்திருந்தார். அவளுக்காக ஹாஜியாரின் லோட்டை ஆயுசுக்கும் சும்மா ஓடினால்தான் என்ன? ஓடலாம். லொறி ஓடாது. டீசல் மச்சான் உறவு பார்ப்பதில்லை.

சஞ்சீவ் வந்து சேர்ந்தபோது லுஹர் தொழுகை நேரமும் தாண்டிவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கேட்டைத் திறந்தான். நாட்டாமிமார் மூட்டைகளையும் கம்பியையும் இறக்கி முடித்ததும், துண்டை லொறியின் முன்பக்கத்தில் வைத்துப் பேனாவைத் திறந்தான்.

“வந்த நேரம் காலைல தானே லாபிர் நானா? பிழை என்ட பக்கம். சரியாப் போட்டுர்றன். வெய்ட்டிங் எடுத்துக்கொள்ளுங்க.”

லாபிர் அவன் கையைப் பிடித்தார்.

“வேணாம் தம்பி. இப்பத்தான் வந்தன்டு போடுங்க.”

“என்ன?”

“வந்தன், இறக்கினன், போனன். அப்படிப் போடுங்க.”

சஞ்சீவ் பேனாவை எடுத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தான். “நானா, லொறிக்காரங்க எல்லாம் ஒரு மணித்தியாலத்தக் கூட்டிப் போடச் சொல்லித்தான் என்கிட்டத் தலையச் சொறிவாங்க. நின்ட நேரத்த வெட்டச் சொன்ன முதல் ஆள் நீங்கதான். சுகமில்லையா?”

“சுகமா ஈக்கன். போடுங்க.”

கறுப்பையா தூரத்தில் நின்று, சீமெந்துக் கையோடு, தலையில் அடித்துக்கொண்டார்.

சீல் விழுந்தது. ஒரு காலைப் பொழுது முழுக்கத் துண்டிலிருந்து காணாமல் போனது. வழக்கம்போல லாபிர் அதைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். மனது கொஞ்சம் லேசானது. சம்பந்தி வீட்டுக்குத் தன்னால் முடிந்த ஒரு மரியாதை செய்துவிட்ட மாதிரி இருந்தது.

திரும்பி வரும்போது மடவளையில் வீட்டு முடுக்கு வந்தது. இரண்டு சின்னது, ஒரு நீளம். கை தன்பாட்டில் ஹோனை அடித்துவிட்டது. அடித்த பிறகுதான், காலையில் அடித்த ஹோனும் லாபிருக்கு நினைவு வந்தது.

*

இன்ஷிரா வாசலில் நின்றாள். குளித்து, தலைமுடி ஈரமாக, ஒரு கையில் மட்டும் மருதாணி போட்டுக்கொண்டு. மற்றக் கையில் போன்.

“வாப்பா.”

“என்ன மகள்?”

“காலைல ஹோன் அடிச்சிட்டுப் போன லொறி இப்ப ஹோன் அடிச்சிட்டு வருது. துண்டுல பாத்தா லுஹருக்குப் பிறகுதான் திகனவுக்கே போயிருக்கீங்க. இடையில எங்க போன? லொறியோட ஹஜ்ஜுக்கா?”

லாபிர் இறங்கி, தேவையே இல்லாமல் ஒரு டயரைக் காலால் தட்டிப் பார்த்தார்.

“மழை மகள். வழில கொஞ்சம்...”

“உங்களுக்குப் பொய் சொல்ல வராது. விடுங்க. சஞ்சீவுக்கு போன் எடுத்தன்.”

“அப்ப ஏன் கேக்கிற?”

“நீங்களாச் சொல்வீங்களான்டு பாத்தன்.”

அவள் லொறியின் படியில் உட்கார்ந்தாள். மருதாணிக் கையை அப்பால் நீட்டி வைத்துக்கொண்டாள். லாபிர் சாரத்தை மடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்தார். உள்ளே தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய கதிரைகள் வாசலில் அடுக்கியிருந்தன.

“அவங்க சீதனம் வேணாம்டு சொன்னாங்களாம். உம்மா காலைல இருந்து அதையே சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுறாங்க,” என்றாள் இன்ஷிரா.

“பெரிய மனசு மகள். இந்தக் காலத்துல யார் சொல்ற அப்படி?”

“அப்ப நீங்க இன்டைக்கு வெட்டிக் குடுத்த மணித்தியாலம் என்ன வாப்பா? நேத்துக் கேக்காம வந்த ஹயர் என்ன? இனி ஒவ்வொரு மாசமும் கேக்காம விடப்போறது என்ன? சீதனத்த ஒரே தரத்துல குடுக்காம லோட் லோட்டாக் குடுக்கிறீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.”

லாபிருக்கு அந்தச் சொல் உள்ளே போய் எங்கேயோ இடித்தது. அவர் அதை அப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

“உனக்கு அமானப் புடிக்கல்லயா?” என்று மெதுவாகக் கேட்டார்.

இன்ஷிரா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். மருதாணி காய்ந்து ஓரங்களில் வெடித்திருந்தது.

“புடிச்சதாலதான் சொல்றன். நான் அந்த வீட்டுக்குப் போய் சோறு திங்கிற நேரமெல்லாம், வாப்பா இந்த மாசம் லீசிங் எப்படிக் கட்டியிருப்பார்ன்டு யோசிச்சா அந்தச் சோறு இறங்குமா? அமானப் பாக்கிற நேரமெல்லாம் சீமெந்து மூட்டதான் ஞாபகம் வரும். நான் போறன், சரி. உங்கட லொறியும் ஏன் எனக்குப் பின்னாலயே வரணும்?”

“கேட்டா, பேச்சுக் குழம்பிட்டா?”

“கேக்காட்டி நான் சம்மதம் சொல்ல மாட்டன்.”

“இன்ஷிரா!”

“ஒரே ஒரு தடவ வாப்பா. அவங்க எல்லாரும் இருக்கிற இடத்துல, கலியாணம் நடந்தாலும் ஹயர் ஹயர்தான்டு நீங்க ஒரு வார்த்த சொல்லணும். அதுக்குப் பிறகு நான் தலையக் குனிஞ்சிட்டுச் சம்மதம் சொல்றன்.”

லாபிர் தாடியைத் தடவினார். “இன்ஷா அல்லாஹ், பாப்பம்.”

“உங்கட ‘பாப்பம்’ எனக்குத் தெரியும்,” என்றாள் மகள், எழுந்துகொண்டே. “அந்தப் ‘பாப்பம்’தான் ஒரு வருஷமா எனக்கு பில் அனுப்பப் பழக்கின.”

உள்ளே போகும்போது குனிந்து, சீமெந்துத் தூசி படிந்த அவருடைய தொப்பியை மருதாணி இல்லாத கையால் தட்டிவிட்டுப் போனாள்.

*

அசருக்குப் பிறகு மழை விட்டது. ரஸீன் ஹாஜியார் வெள்ளைச் சட்டையில், அத்தர் வாசத்தோடு, இரண்டு தட்டு பேரீச்சம்பழத்தோடு வந்து இறங்கினார். நல்ல மனிதர்தான். சிரித்தால் கதிரையும் சேர்ந்து ஆடும். அமானின் உம்மா நேரே உள்ளே போய் றிஸானாவைக் கட்டிக்கொண்டாள். அமான் மூலைக் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, பெட்டீஸ் பலகாரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தான்.

மழையைப் பற்றிப் பேசினார்கள். மரக்கறி விலையைப் பற்றிப் பேசினார்கள். பலூடா வந்தது. திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் வந்தது.

“நேரடியாவே சொல்றன் மச்சான்,” என்றார் ஹாஜியார், கையைத் துடைத்துக்கொண்டு. “எங்களுக்கு வீடு வேணாம், காசு வேணாம், நகை வேணாம். அல்லாஹ் எங்களுக்குப் போதுமான அளவு தந்திருக்கான். மகள மட்டும் தாங்க.”

உள்ளே றிஸானா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இப்படிப்பட்ட மனிதரிடம் லாபிர் என்னத்தைக் கேட்பது?

“இனி நமக்குள்ள என்ன கணக்கு?” ஹாஜியார் கை விரித்தார். மனதாரத்தான் சொன்னார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. “உங்கட லொறி எங்கட லொறி. எங்கட கடை உங்கட கடை. பில், வெய்ட்டிங் எல்லாம் வெளியாக்களுக்கு. குடும்பத்துக்குள்ள அதெல்லாம் என்னத்துக்கு?”

இதுதான் அந்த இடம். லாபிருக்கு அது தெரிந்தது. ஒரு வார்த்தை. மகள் கேட்ட அந்த ஒரே வார்த்தை. அவர் வாயைத் திறந்தார்.

“அதானே,” என்றார்.

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது.

லாபிர் பலூடாக் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கசகசா விதைகள் கீழே போய்ப் படிந்துகொண்டிருந்தன. அப்போது மூலையில், அமானின் சட்டைப் பையில் போன் ஒரு தரம் ‘டிங்’ என்றது.

அமான் எடுத்துப் பார்த்தான். காது சிவந்தது.

“யாரு, கடையா?” என்றார் ஹாஜியார்.

“இல்ல வாப்பா.”

“அப்ப?”

அமான் திரையைப் பார்த்தான். பெட்டீஸை மெதுவாகத் தட்டில் வைத்தான்.

“பில் வாப்பா. திகன சைட். ‘வெய்ட்டிங்: காலை ஹோன் முதல் பின்னேர ஹோன் வரை. துண்டில் நேரம் தவறு, சஞ்சீவிடம் கேட்கவும்’ன்டு போட்டிருக்கு.”

ஹாஜியார் ஒரு கணம் விழித்தார். பிறகு கதிரை ஆடும்படி சிரித்தார். “மகள் இன்டைக்குமா! மச்சான், உங்கட மகள் என்ட கடைல கணக்கப்பிள்ளையா இருக்க வேண்டிய ஆள்!”

எல்லோரும் சிரித்தார்கள். லாபிரும் சிரிக்கப் பார்த்தார். அமான் மட்டும் சிரிக்கவில்லை.

“இது விளையாட்டு இல்ல வாப்பா,” என்றான். “காலைல லொறி நின்டது உண்மை. சாவி இல்லாதது எங்கட பக்கத்துப் பிழை. கேட்டது நியாயம்.”

“நியாயம் இல்லன்டு நான் சொன்னனா?” ஹாஜியாரின் முகத்தில் உண்மையான குழப்பம் தெரிந்தது. “ஆனா மகன், இத்தன வருஷத்துல லாபிர் என்கிட்ட ஒரு நாளாவது ஹயர்ன்டு வாய் தொறந்து கேட்டிருக்காரா? வருவார், சுகம் கேப்பார், டீ குடிச்சிட்டுப் போவார். நேத்தும் வந்தார். காசு தேவைப்படுற மனுஷன்டா கேப்பாரா இல்லையா? இந்த பில் எல்லாம் புள்ள படிச்ச படிப்புக்குச் செய்யுதுன்டு நான் நெனச்சன். லாபிருக்கு வசதிதான்டு நெனச்சன்.”

வசதி! உள்ளே றிஸானாவின் கையிலிருந்து கரண்டி ஒன்று விழுந்தது.

லாபிர் தலையை நிமிர்த்தினார். இத்தனை வருஷம், வெட்கப்பட்டு வெட்கப்பட்டு அவர் கேட்காமல் திரும்பிய ஒவ்வொரு நாளும் இந்த மனிதரின் கண்ணுக்கு வசதியாகத் தெரிந்திருக்கிறது. ஏமாற்றியவர் யாரும் இல்லை. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார், அதை ஹாஜியார் தனக்குத் தெரிந்த மாதிரி வாசித்துக்கொண்டார்.

“மச்சான்,” ஹாஜியார் முன்னால் சாய்ந்தார். குரலில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. “புள்ளகள விடுங்க. நீங்க சொல்லுங்க. உங்களுக்கு அந்தக் காசு வேணுமா?”

திரை விலகியது. இந்த முறை ஒரு விரல் அளவுக்கு அல்ல.

இன்ஷிரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். பெண் வெளியே வர வேண்டிய நேரம் இது அல்ல. றிஸானா பின்னாலிருந்து அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்ததும் பலிக்கவில்லை. அமான் எழுந்து நின்றுவிட்டான், ஏன் என்று அவனுக்கே தெரியாமல். அவள் அவனைப் பார்க்கவில்லை. ஹாஜியாரையும் பார்க்கவில்லை. நேரே வந்து வாப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில், நிலத்தில், சின்ன வயதில் ஹோன் சத்தம் கேட்டு ஓடி வந்து உட்காரும் அதே மாதிரி உட்கார்ந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே லொறியின் முகம் தெரிந்தது. மழை கழுவிய கண்ணாடியில் மாலை வெயில் விழுந்து, அதுவும் உள்ளே எட்டிப் பார்ப்பது போல இருந்தது.

“வாப்பா,” என்றாள். சிவந்த உள்ளங்கையை அவருடைய முழங்காலில் வைத்தாள். “மாமா நல்ல மனசோட கேக்கிறார். ஒரு வருஷமா உங்கட வாயா நான் இருந்தன். இனி நான் போற வீடு அது. இன்டைக்கு நான் பேச ஏலாது. உங்கட ஹயர, உங்கட வாயால, ஒரே ஒரு தடவ கேளுங்க.”